நொண்டி ட்யூனிங்

அது கிட்டாருதான தம்பி? மேல கேரியர்ல போடாதீங்க. இந்த டிரைவர் பிரேக் போடுத போடுக்கு உருண்டு எவன் தலையிலயாவது விழும். தலை போனா போகுது, கிட்டாரு கழுத்து ஒடிஞ்சா ஒட்டவே முடியாது. இப்படிக் குடுங்க, ரெண்டு பேரு காலுக்கும் நடுவுல நிமித்தி வச்சுக்கிடலாம். நான் பிடிச்சுக்கிடுதேன். வலது கையாலதான் பிடிக்கேன், பயப்படாதீங்க.

திருநெல்வேலிக்குத்தான? நான் பாளை பஸ் ஸ்டாண்டுல இறங்கிருவேன். அங்க எங்க சபையோட பெரிய ஆபீஸ் இருக்கு. இந்தா, இந்த மஞ்சக் கவரைக் குடுக்கணும். பன்னெண்டு மணிக்குள்ள குடுத்துட்டா இன்னைக்கே மேல போயிரும். இது போச்சுன்னா எங்க ஊரு கொயர் மாஸ்டர் கிளமெண்டுக்கு வேலை காலி. ஆமா, கோயில்ல, சர்ச்சுலதான், பாடகர் குழுவுக்குப் பாட்டு சொல்லிக் குடுக்கிறவன். முப்பத்தொரு வயசு. மெட்ராஸ்காரன். கோயில் வளாகத்துலயே வீடு குடுத்து வச்சிருக்காவ. ஒரு வாரத்துல காலி பண்ணச் சொல்லிருவாவ. இதே பஸ்ல, இதே ரோட்டுல, பெட்டி படுக்கையோட அவன் போறதை நான் எங்க ஊரு ஸ்டாப்புல நின்னு பாக்கணும். டீ குடிச்சுக்கிட்டே பாக்கணும். அவன் பொண்டாட்டிக்கு ஏழு மாசம்னு சொல்லுதாவ. அதுக்கு நான் என்ன செய்ய? பேசும்போது யோசிச்சிருக்கணும்.

நான் கெட்டவன்னு நெனைச்சிராதீங்க. என் பேரு கோயில்பிள்ளை. எங்க ஊருல யார்ட்ட வேணும்னாலும் கேளுங்க, அண்ணாச்சி ஒரு வம்பு தும்புக்குப் போக மாட்டாவன்னு சொல்லுவாவ. ஆனா என்னை ஒருத்தன் சீண்டினான்னா மறக்க மாட்டேன். அது என் குணம். என் மச்சான் என் கல்யாணத்துல என் சட்டையைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னான். இருபத்தெட்டு வருசமாச்சு, இன்னும் அவன் வீட்டுல தண்ணி குடிக்கல.

கிட்டாரைப் பாத்ததும் உங்கள்ட்ட சொல்லணும்னு தோணிட்டு. இது வேற ஆளுக்குப் புரியாது. நீங்க வாசிக்கிற ஆளு. நீங்களே நியாயம் சொல்லுங்க.

முதல்ல இந்தக் கையைப் பாருங்க. கர்சீப்பு சுத்தியிருக்கேன்லா, அவுத்துக் காட்டுதேன். இடது கையில சின்ன விரலும் இல்ல, மோதிர விரலும் இல்ல. மர அறுவை மில்லுல போச்சு, பன்னெண்டு வருசமாச்சு. அந்த மில்லுல என்னை மாதிரி காது உள்ளவன் கிடையாது தம்பி. மரத்துக்குள்ள ஆணி இருந்தா ரம்பத்துச் சத்தத்தை வச்சே சொல்லிருவேன். முதலாளியே, "கோயில்பிள்ளை காதை வச்சுப் பாத்துட்டானா"ன்னு கேட்டுட்டுத்தான் பெரிய தடியை ஏத்தச் சொல்லுவாரு. அன்னைக்கு சுவிட்சை அணைச்சேன், ரம்பம் நின்னுட்டுன்னு நெனைச்சுக் கையை விட்டேன். நிக்கல. அது என் காதுல தப்பு இல்ல. பக்கத்துல இழைப்பு மிஷினு ஓடிக்கிட்டு இருந்துச்சு, அந்தச் சத்தம்.

அதுக்கு முன்னால பதினஞ்சு வருசம் கோயில்ல நான்தான் கிட்டாரு. நீங்க வாசிக்கிற மாதிரிதான், எல்லாரும் வாசிக்கிற மாதிரி. விரலு போனப்புறம் கிட்டாரைத் தூக்கி பீரோ மேல போட்டுட்டேன். எட்டு மாசம் அதைப் பாக்கவே இல்ல. ஒரு நாள் மத்தியானம், யாருக்காவது குடுத்துத் தொலைப்போம்னு இறக்கினேன். கம்பியெல்லாம் தொளதொளன்னு கெடந்துச்சு. முத்தத்துல என் வீட்டுக்காரி ஜெபக்கனி சாளை மீன் கழுவிக்கிட்டே ஒரு பாட்டை முனங்கிக்கிட்டு இருந்தா. கொயர்ல அவ ஆல்ட்டோ, தாழ்ந்த குரல்ல பாடுத வரிசை. நான் சும்மா, மூணாவது கம்பியை அவ சத்தத்துக்கு முறுக்கினேன். அது அங்க உக்காந்துச்சு. சரின்னு மத்த கம்பியையும் அதோட சண்டை போடாத மாதிரி ஒண்ணொண்ணா வச்சேன். வச்சுட்டு வலது கையால ஆறு கம்பியையும் ஒரு தட்டு தட்டினேன் பாருங்க. இடது கை தொடவே இல்ல. முழு கார்டு, ஆறு சத்தமும் ஒண்ணாச் சேந்து. கோயில்ல எல்லாரும் ஒண்ணா எந்திரிச்சு ஆமென் சொன்ன மாதிரி. ஜெபக்கனி மீனு கையோட ஓடி வந்துட்டா. நான் அழுதேன். வெக்கமில்லாம அழுதேன்.

நீங்க வச்சிருக்கிற ட்யூனிங்ல இருந்து நாலு கம்பியை இறக்கணும். ஒண்ணையும் ஏத்தக் கூடாது. ஆறாவது, ரெண்டாவது, முதல் கம்பி மூணும் ரெண்டு ஃப்ரெட் கட்டம் இறக்கம். மூணாவது ஒரு ஃப்ரெட். அவ்வளவுதான். சும்மா தட்டினா டி கார்டு. ஆள்காட்டி விரலை அஞ்சாவது ஃப்ரெட்ல குறுக்கப் படுக்க வச்சா ஜி. ஏழாவதுல வச்சா ஏ. ஒத்த விரலு. கோயில் பாட்டுல முக்காவாசிப் பாட்டுக்கு மூணு கார்டு போதும் தம்பி, ஒத்த விரலு போதும். பேரா? பேரெல்லாம் ஒண்ணும் கிடையாது, நானே கண்டுபிடிச்சதுக்கு யாரு பேரு வைப்பா? என்னமோ சொல்ல வாரீங்க. இருங்க, கதையை முடிச்சிருதேன்.

இன்னொண்ணு. அந்த மூணாவது கம்பி இருக்குல்லா, அதை நான் மயிரிழை தாழ்த்தித்தான் வைப்பேன். ட்யூன் பாக்க கிட்டாரு தலையில ஒரு கிளிப்பு மாட்டுவீங்களே, பச்சை லைட்டு எரிஞ்சா சரின்னு. என் மூணாவது கம்பிக்கு அதுல பச்சை வராது. பச்சை வார மாதிரி வச்சா சத்தத்துல ஒரு முள்ளு நிக்கும். ஜெபக்கனி முனங்குன இடத்துல வச்சாத்தான் அந்த முள்ளு போகும். உலகத்துல அப்படி வைக்கிறவன் நான் ஒருத்தன்தான். கையெழுத்து மாதிரி. இதை ஞாபகத்துல வச்சுக்கிடுங்க, பின்னால வரும்.

அந்த ஒத்த விரலோட பத்துப் பதினோரு வருசம் வாசிச்சேன். பழைய மாஸ்டர் தங்கமான மனுசன். மைனர் பாட்டு, சோகமா இழுக்குமே அந்த ராகம், அது வந்தா எனக்கு இந்த ட்யூனிங்ல வராது, சும்மா உக்காந்திருப்பேன். அவரும் ஒண்ணும் கேக்க மாட்டாரு. இடது கையில இந்தக் கர்சீப்பைச் சுத்தி, ஆள்காட்டி விரலை மட்டும் வெளிய விட்டுக்கிட்டு, கிட்டாரைச் சுவர்ப் பக்கம் திருப்பி உக்காந்துக்கிடுவேன். புதுசா வாரவங்களுக்கு என் கை தெரியவே தெரியாது. பாதி ஊருக்கே மறந்து போச்சு.

அவரு ரிட்டயர் ஆனாரு. ஜூலை மாசம் இந்த கிளமெண்ட் வந்தான். மியூசிக்ல எட்டு கிரேடு பரீட்சை எழுதியிருக்கானாம். வந்த அன்னைக்கே என்னை "அங்கிள்"னு கூப்பிட்டான். அண்ணாச்சின்னு வாய் வரல. நான் உனக்கு எந்த வழியில அங்கிள்? சரி, சின்னப் பய, போகட்டும்னு விட்டேன்.

மூணாவது சனிக்கிழமை. சாயங்காலம் ப்ராக்டிஸு. எங்க கோயில் பெருசு, கூரை உசரம். மைக்ல ஒருத்தன் பேசினா ஒரு வார்த்தை சுவர்ல முட்டி மூணு வார்த்தையாத் திரும்பி வரும். கிளமெண்ட் முன்னால ஆல்டர்கிட்ட நிக்கான், மைக்கை வாய்க்குள்ள வச்சுக்கிட்டு மெட்ராஸ் வேகத்துல பொரிஞ்சு தள்ளுதான். நான் கடைசித் தூணுக்குப் பக்கத்துல உக்காந்து கம்பி சேத்துக்கிட்டு இருக்கேன். ஒரு தட்டு தட்டிப் பாத்தேன். அவன் தலையைத் தூக்கிப் பாத்துட்டு மைக்ல சொல்லுதான்:

"அங்கிள், அந்த நொண்டி ட்யூனிங் இந்தப் பாட்டுக்கு வேணாம். நார்மல் ட்யூனிங்குக்கு மாத்திருங்க. நார்மலா வாசிங்க."

நாப்பது பேரு இருக்காவ. பொம்பளைங்க, வாலிபப் பிள்ளைய, எல்லாரும். நொண்டி! அதும் மைக்ல! அது சுவர்ல முட்டி ஊண்டி, ஊண்டின்னு திரும்பத் திரும்ப வருது. டெனார் பாடுத ஆம்பளைங்க வரிசையில ரெண்டு பேரு சிரிச்சானுவ. என்னைப் பாத்துச் சிரிச்சானுவளா, போன்ல எதையும் பாத்துச் சிரிச்சானுவளான்னு தெரியாது. சிரிச்சானுவ. நான் கிட்டாரை உறையில போட்டேன். நடுவழியா நடந்து வெளிய போனேன். "அங்கிள், அங்கிள்"னு கூப்பிட்டான். திரும்பல. அந்தப் பாட்டு மைனர் பாட்டுங்கிறது உண்மைதான். அதுக்கு என் ட்யூனிங் சேராதுங்கிறதும் உண்மைதான். அதுக்காக? நொண்டின்னு சொல்லுவியா?

வீட்டுக்கு வந்து ஜெபக்கனி என்ன சொல்லுதாங்கீங்க? "அவர் அப்படிச் சொல்லலைங்க. இங்கிலீஷ்ல என்னமோ சொன்னார்"ங்கா. அவ முன்வரிசையில, அவனுக்கு ஆறடி தள்ளி நிக்கா. எனக்குக் கடைசித் தூண்ல கேட்டது அவளுக்கு அங்க கேக்கலையாம். "ஒனக்குக் காது கம்மி"ன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவ இதைப் பத்திப் பேசல. ஆனா சனிக்கிழமை சனிக்கிழமை ப்ராக்டிஸுக்குப் போயிட்டுத்தான் இருந்தா. புருசனை நொண்டின்னவன்கிட்டப் போயி ஆல்ட்டோ பாடுதா! நான் தடுக்கல. தட்டுல சோறு வைக்கும்போது மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன், அவ்வளவுதான்.

நீங்க மறுபடியும் என்னமோ சொல்ல வாரீங்க. இருங்க தம்பி, இனிமேத்தான் விசயமே இருக்கு.

அக்டோபர்ல எங்க கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை. காலையில ஆராதனை, முடிஞ்சதும் அசனம், ஊரே ஒண்ணா உக்காந்து சாப்பிடும். ரெண்டரை மாசம் நான் யோசிச்சு வச்சிருந்தேன். ஆராதனைக்கு முன்னால ஐயரு, எங்க பக்கம் பாஸ்டரை ஐயருன்னுதான் சொல்லுவோம், அவரும் கொயரும் மேளத்தோட கோயிலைச் சுத்திப் பவனி வருவாவ. கிட்டாரைத் தூக்கிக்கிட்டுப் பவனி போக முடியாது. கிளமெண்டோட கிட்டாரு வெஸ்ட்ரியில, அங்கி மாட்டுத அறையில இருக்கும். பவனி முடிஞ்சு நேரா உள்ள வந்து, எடுத்து மாட்டிக்கிட்டு முதல் பாட்டை ஆரம்பிப்பான். ட்யூன் பாக்க நேரம் கிடையாது. ஐநூறு பேரு நிக்கிற கோயில்ல அவன் ஒரு தட்டு தட்டணும், தகர டப்பாவை ரோட்டுல இழுத்த மாதிரி ஒரு சத்தம் வரணும். யாரு நொண்டின்னு அப்பப் பாப்போம்னு நெனைச்சேன்.

ஜெபக்கனியோட பாட்டுப் புத்தகத்தை எடுக்கப் போற மாதிரி உள்ள போனேன். வெளிய மேளம் கிழக்கு வாசல்ல கேக்குது. எனக்கு நாலு நிமிசம் இருக்கு. கிட்டாரை எடுத்தேன். நல்ல கிட்டாரு, பொறாமையா இருந்துச்சு. ஆறாவது முடுக்கியைப் பிடிச்சு ஒரு திருப்பு திருப்பினேன். கம்பி உறுமிச்சு. அப்படியே விட்டுட்டு அடுத்ததுக்குப் போக வேண்டியதுதான? கன்னாபின்னான்னு கெடுக்கத்தான வந்தேன்? கை போக மாட்டேங்குது தம்பி. அந்தக் கம்பி அந்தரத்துல நின்னு அழுதுக்கிட்டு இருக்கு, எப்படி விட்டுட்டுப் போறது? இன்னும் கொஞ்சம் இறக்கினேன், டி-யில வந்து நின்னுச்சு. சரி, இது ஒண்ணு தப்பிச்சுப் போகட்டும், ரெண்டாவதைக் கெடுப்போம்னு திருப்பினேன். அதுவும் நடுவுல நிக்க மாட்டேங்குது. அதையும் கொண்டுபோயி அது இருக்க வேண்டிய இடத்துல வச்சேன். மேளம் தெக்கு வாசலுக்கு வந்துட்டு. முதல் கம்பி. அதும் அப்படித்தான். எனக்கு வேர்த்து ஊத்துது. எனக்கே என் மேல கோவம். கடைசியா மூணாவது கம்பி. ஓடிப் போயிரணும், ஆளு வந்துருவாவ. நான் என்ன பண்ணுதேன், கிட்டாருப் பெட்டி மேல காதை வச்சுக்கிட்டு, அந்த மயிரிழையைத் தேடிக்கிட்டு நிக்கேன்! அவனைக் கெடுக்க வந்த இடத்துல!

வச்சுட்டுத்தான் வந்தேன். வெளிய வரும்போது என்னை நானே தேத்திக்கிட்டேன். பரவாயில்ல, அவன் விரல் பழைய இடத்துலதான போகும், எப்படியும் அசிங்கமாத்தான் கேக்கும்னு.

கேட்டுச்சு. முதல் தட்டு, நான் ஆசைப்பட்ட மாதிரியே தகர டப்பா. ஐயரு திரும்பிப் பாத்தாரு. கிளமெண்டு மூஞ்சி செவந்து போச்சு. தம்பி, அந்த ஒரு நிமிசம் இருக்குல்லா, அதுதான் எனக்குப் பண்டிகை. அப்புறம் அவன் இடது கையை எடுத்துட்டான். வெறுங்கம்பியை மெதுவா ஒரு தட்டு. டி வருது, முழுசா. குனிஞ்சான். மூணாவது கம்பியை மட்டும் தனியாத் தட்டிக் கேட்டான். ஒரு தடவை, ரெண்டு தடவை. நிமிந்து நேரா ஆம்பளைங்க பக்கம் கடைசித் தூணைப் பாத்தான். நான் பாட்டுப் புத்தகத்துக்குள்ள குனிஞ்சுக்கிட்டேன்.

அவன் என்ன செஞ்சான்னு நெனைக்கீங்க? ஆள்காட்டி விரலைக் குறுக்கப் படுக்க வச்சு, என்னை மாதிரியே வாசிச்சான். ஒத்த விரலு! அவனுக்கு அஞ்சு விரலும் இருக்கு, ஒத்த விரலால வாசிக்கான். முதல் பாட்டு மட்டுமில்ல, ஆராதனை முழுக்க. கோயிலே உருகிப் போச்சு. பக்கத்துல அருமைநாயகம் வாத்தியாரு கண்ணைத் துடைக்காரு. எனக்கு வயிறு எரியுது. அது என் சத்தம். அது என் வீட்டு முத்தத்துல உண்டான சத்தம். எந்திரிச்சு, "லேய், அது என்னோடது"ன்னு சொல்லணும். சொன்னா, உன்னோடது எப்படி அவன் கிட்டாருக்குள்ள போச்சுன்னு கேப்பாவளே! என் களவை ஒத்துக்கிட்டாத்தான் என் பொருளைக் கேக்க முடியும். இப்படி ஒரு மாட்டிக்கிடுதலை நீங்க பாத்திருக்கீங்களா?

கடைசியில மைக்ல வேற சொல்லுதான். "இன்னிக்கு என் கிட்டாரை ட்யூன் பண்ணிக் கொடுத்தவருக்கு ரொம்ப நன்றி. அவர் யாருன்னு அவருக்குத் தெரியும். அவர் மறுபடியும் நம்மகூட வந்து உக்காரணும்னு ஆசைப்படறேன்." பாத்தீங்களா திமிரை? ஐநூறு பேருக்கு முன்னால குத்திக் காட்டுதான். இதை மட்டும் நல்லா தெளிவா, நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

நான் அசனத்துக்கு இருக்கல. நேரா வீட்டுக்கு வந்துட்டேன். ரெண்டு மணி இருக்கும், வாசல்ல ஆளு. கிளமெண்டு. ஒரு கையில அசனச் சோத்து வாளி, ஒரு கையில கறிக் குழம்புத் தூக்கு. "சாப்பிடாம வந்துட்டீங்க அங்கிள்"ங்கான். கேட்டை அடைச்சுப் பிடிச்சுக்கிட்டேன். அவசரத்துல கர்சீப்பு இல்லாம வந்துட்டேன் போல, இந்த இடது கையாலயே பிடிச்சிருக்கேன். அவன் என் கையைப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். மூஞ்சி எல்லாம் ஒரு மாதிரி ஆயிப்போச்சு. வாளியைக் கீழ வச்சுட்டு, "எனக்குத் தெரியாது அங்கிள், சத்தியமாத் தெரியாது"ங்கான். என்ன தெரியாதாம்? நடிப்பு! தெரியாமலா நொண்டின்னான்? "எடுத்துட்டுப் போ"ன்னு சொல்லிக் கதவை அடைச்சேன். அந்தச் சோத்தை ஜெபக்கனி உள்ள எடுத்து வச்சா. நான் தொடல. குழம்பு வாசம் ராத்திரி வரைக்கும் வீட்டுல நின்னுச்சு, நான் தொடல.

அதோட விட்டானா? வாலிபர் சங்கத்துப் பிள்ளையளுக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம் கிட்டாரு கிளாஸு வச்சிருக்கான். போன வாரம் சங்கக் கட்டிடத்துப் பக்கமா நடந்து போறேன். உள்ள என் சத்தம். பத்துக் கிட்டாருல என் சத்தம். ஜன்னலுக்கு வெளிய நின்னேன். "இதுக்குப் பேரென்ன?"ன்னு கேக்கான். பத்துப் பிள்ளையளும் சேந்து கத்துது, "நொண்டி ட்யூனிங்!" எல்லாரும் கைதட்டிச் சிரிக்காவ. என் சத்தத்தை எடுத்துக்கிட்டு, என் பேரா வைக்கான்? என் ஊனத்தைப் பேரா வச்சுச் சொல்லிக் குடுக்கான். அங்கேயே முடிவு பண்ணிட்டேன். இந்த ஊருல ஒண்ணு அவன் இருக்கணும், இல்லேன்னா நான்.

அன்னைக்கே மனு எழுதினேன். வீடு வீடாப் போயி நாப்பத்திரெண்டு கையெழுத்து. ஜெபக்கனி போடல. "நீங்க எங்க வேணும்னாலும் போங்க, நான் கேக்காததைக் கேட்டேன்னு எழுத மாட்டேன்"னுட்டா. போகட்டும். இந்தா, படிக்கேன் கேளுங்க: "எங்கள் சபையின் கொயர் மாஸ்டர் திரு. கிளமெண்ட் அவர்கள், எல்லோர் முன்னிலையிலும் மைக்கில், விபத்தில் விரல்களை இழந்த என்னை நொண்டி என்று இழிவாகப் பேசியதோடு, சிறுபிள்ளைகளுக்கும் அவ்வாறே கற்பித்து வருகிறார்." எப்படி? அருமைநாயகம் வாத்தியாரு திருத்திக் குடுத்தது. இதைப் படிச்சுட்டு எந்த ஆபீஸும் அவனை வச்சிருக்காது.

செய்துங்கநல்லூர் தாண்டியாச்சு. சரி, இப்பச் சொல்லுங்க. ஏறுனதுல இருந்து என்னமோ சொல்லணும் சொல்லணும்னு வாயெடுக்கீங்க, நான்தான் விடல. ட்யூனிங்குக்குப் பேரு இருக்கா? என் ட்யூனிங்குக்கா? என்ன பேரு?

என்னது?

பஸ் சத்தத்துல சரியா விழல. இன்னொரு தடவ சொல்லுங்க.

ஓபன்... டி. ஓபன் டி ட்யூனிங். வெறுங்கம்பியைத் தட்டினா டி வருது, அதனால ஓபன் டி. ஓகோ. உலகம் பூராவும் வாசிக்காவளா? அப்ப நான் கண்டுபிடிக்கலையா? சரி. அது போகட்டும். எத்தனையோ பேரு வீட்டு முத்தத்துலயும் மீனு கழுவியிருப்பாவ.

தம்பி, அதை "அந்த"ன்னு சேத்துச் சொல்லுங்க. அந்த ஓபன் டி ட்யூனிங். இல்ல, இப்படி நிறுத்திச் சொல்லாதீங்க. வேகமா. மெட்ராஸ்காரன் மாதிரி. கையைக் குவிச்சு வாய்க்கிட்ட மைக் மாதிரி வச்சுக்கிட்டுச் சொல்லுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஒரே ஒரு தடவ.

...

அந்தோபண்டி... இன்னொரு தடவ.

...

இல்ல. அவன் நொண்டின்னுதான் சொன்னான். என் காது தப்பாது தம்பி. அந்த மில்லுல போயிக் கேளுங்க என் காதைப் பத்தி.

இந்த ஜன்னலைக் கொஞ்சம் திறங்க, வேர்க்கு. திறந்துதான் இருக்கா? சரி.

"இங்கிலீஷ்ல என்னமோ சொன்னார்"னுதான் சொன்னா அவ. ஆறடியில நின்னவ. நான்தான் அவளுக்குக் காது கம்மின்னேன். அவ குரலை வச்சுத்தான் கம்பியே முறுக்கினேன், அவளுக்குப் போயி காது கம்மின்னு... நாப்பத்திரெண்டு பேரு கையெழுத்துப் போட்டிருக்காவளே, அவ்வளவு பேருமா பொய் சொல்லுவாவ? சொல்லுவாவ. சொன்னானா இல்லையான்னு நான் யார்ட்டயும் கேக்கல. சொன்னான்னு நான் சொன்னேன், அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்னு போட்டாவ. பாதிப் பேரு அன்னைக்கு ப்ராக்டிஸுக்கே வரல.

என்னை அப்படிப் பாக்காதீங்க தம்பி. அவன் ஒண்ணும் யோக்கியன் இல்ல. அது ஓபன் டி-யாவே இருக்கட்டும். "நார்மலா வாசிங்க"ன்னு சொன்னான்லா? அது நார்மல்தான? அதுக்கும் வேற இங்கிலீஷு எதும் இருக்கா? இல்லைல்லா! அது என் காதுல சரியாத்தான விழுந்துச்சு. அது எனக்குக் குத்துச்சு. நார்மலா வாசிக்க எனக்கு எங்கடா விரலு இருக்குன்னு குத்துச்சு. நிசமாக் குத்துச்சு தம்பி. பேனா வச்சிருக்கீங்களா? குடுங்க. நொண்டிங்கிறதை அடிச்சுட்டு இதை எழுதிக் குடுத்துருதேன். மனு மனுதான. கிட்டாரைக் கொஞ்சம் பிடிங்க.

பஸ்ஸு ஆடுது, எழுத்து கோணுது. இருங்க. "எல்லோர் முன்னிலையிலும் மைக்கில், விபத்தில் விரல்களை இழந்த என்னை..." அவனுக்கு என் விரலு போனது தெரியுமா? கேட்டுல நின்னு பாத்தானே அன்னைக்குத்தான்... சரி. "என்னை..." என்ன போடலாம்? "என்னை, மற்ற எல்லோரையும் போல வாசிக்கும்படி சொன்னார்."

பாளை வந்துட்டா? இறங்கணும், இறங்கணும் கண்டக்டர், ஒரு நிமிசம் விசில் அடிக்காதீங்க. தம்பி, நீங்க படிச்சவங்க. சீக்கிரம் இதை ஒரு தடவ வாசிச்சுட்டுச் சொல்லுங்க. இது புகார் மாதிரி இருக்கா?